உச்சிவேளையில் ஒரு சுத்தியல்

தன் வீட்டில் பேய் இருக்க வேண்டும் என்று குலசாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே ஆள், இந்தத் திருச்சுழிச் சீமையிலேயே பால்சாமியாகத்தான் இருப்பார். ஊரில் மற்றவர்கள் பேயை ஓட்டத்தான் ஆள் தேடி அலைவார்கள். இவரோ, வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பழைய பத்மினி காரில் ஏதாவது ஒன்று அடைந்து கிடக்க வேண்டும், அது ஆணோ பெண்ணோ, நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் சரி என்று கையெடுத்துக் கும்பிட்டார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். காரணம் தெரிந்தால் வந்த சிரிப்பு போய்விடும்.

காரில் பேய் இல்லையென்றால் கோளாறு அவருடைய தலைக்குள் இருக்கிறது என்று ஆகிவிடும். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. அவருடைய அய்யாவுக்குக் கடைசிக் காலத்தில் அப்படித்தான் ஆனது. முதலில் கடைக்குப் போகும் வழி மறந்தது. அப்புறம் மகன் பேர் மறந்தது. அப்புறம் ஒரு மத்தியானம், தட்டில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர், வறண்ட கண்மாய்க்குள் இறங்கிச் சீமைக்கருவேல முள்ளுக்குள் நடந்து போய்விட்டார். கரிமூட்டம் போடுகிறவர்கள்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். தூக்கி வந்தபோது பால்சாமி கால் பக்கம் பிடித்திருந்தார். உள்ளங்கால் முழுக்க முள். அந்தக் கால்களை அவர் எதை மறந்தாலும் மறக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பால்சாமி அருப்புக்கோட்டையில் பஸ் பணிமனையில் டிங்கராக, பாடி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். லாரி இடித்து மூஞ்சி சப்பிப்போன பஸ்ஸை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், ஒரு சுத்தியலும் பின்பக்கம் அண்டை கொடுக்க ஓர் இரும்புக் கட்டியும் போதும். பொழுது சாய்வதற்குள் மூஞ்சிக்கு ஒரு களை வந்துவிடும். மேடு பள்ளம் பார்க்கக் கண்ணை நம்ப மாட்டார். உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடித் தகரத்தைத் தடவுவார். முதுகு வலிக்கிறவனுக்கு எங்கே வலிக்கிறது என்று தடவிப் பார்க்கிற மாதிரி இருக்கும். 'இங்கன ஒரு நூலு பள்ளம்' என்று விரலை வைத்தால் அங்கே பள்ளம் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. குலசாமி கோயிலில் இருந்து எடுத்து வந்த பிடிமண்ணை ஒரு டப்பாவில் வைத்திருப்பார். உள்கூடாக இருக்கும் தகரப் பகுதியைப் பற்றவைத்து மூடுவதற்கு முன்னால், அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் துணியில் முடிந்து உள்ளே போட்டு மூடுவார். வண்டிக்குக் காவல். பணிமனையில் எல்லாரும் கேலி செய்வார்கள். 'பால்சாமி அண்ணன் பஸ்ஸுக்கும் தாயத்துக் கட்டுறாரப்பா' என்பார்கள். கட்டிவிட்டுத்தான் அனுப்புவார்.

ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்த பத்மினியை வாங்கினார். நரிக்குடிப் பக்கம் ஒரு பழைய ரைஸ்மில்லுக்குப் பின்னால் கோழி அடைந்து கிடந்த வண்டி. எஞ்சின் இருக்கிற இடத்தில் ஒரு கருவேலங்கன்று முளைத்து, பானெட்டை முட்டிக்கொண்டு நின்றது. டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினார்கள். அவர் கணக்குப்படி அது வந்து இரண்டு மூன்று மாசம்கூட இருக்காது. அவர் கணக்குப்படி.

முதலில் அவரை உறுத்தியது துரு. மழையையே வருஷத்துக்கு நாலு தடவை பார்த்தால் அதிகம் என்கிற ஊர் இது. துணி காயப்போட்டால் மடிக்கிறதற்குள் மொறமொறவென்று ஆகிவிடும். இங்கே நிற்கிற வண்டியில், பெயின்ட்டுக்கு அடியில், ஈரமான புதுத் துரு எப்படி வரும்? மட்காட்டின் உள் விளிம்பில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி செம்மண் நிறமாய் ஆனது. நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது.

"லட்சுமி, இந்த வண்டி கடக்கரைப் பக்கம் ஓடுன வண்டிபோல. உப்புக் கரிக்கிது" என்றார்.

அவர் மனைவி முருகலட்சுமி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "இருக்கும். சாயல்குடிப் பக்கம் ஓடியிருக்கும். நீங்க மொதல்ல இந்தச் சத்து மாத்திரையப் போடுங்க" என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

அடுத்தது பெயின்ட். முன் மட்காட்டில் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே போனார். மேலே பச்சை. அதற்கு அடியில், பள்ளம் நிரப்பப் பூசிய பட்டி. பட்டிக்கு அடியில் மறுபடி பச்சை, அதே பச்சை. அதற்கும் அடியில் பட்டி. நாலு கலர் மாறியிருந்தால் நாலு முதலாளி என்று விட்டுவிடலாம். ஒரே பச்சையை ஒருவன் எதற்காகத் திரும்பத் திரும்ப அடிக்கிறான் என்று யோசித்தபடி வெறும் தகரம் தெரிகிறவரை சுரண்டினார். தகரம் தெரிந்ததும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடித் தடவினார். தடவிய கை பாதியில் நின்றது.

சுத்தியல் அடி ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விதம். அடித்தவன் செத்துப்போனாலும் தகரத்தில் அவன் கை இருக்கும். பால்சாமியின் அடி வலமிருந்து இடமாகப் போகும். ஒவ்வொரு அடியும் முந்திய அடி மேல் பாதி ஏறி உட்காரும். நடுவில் மூச்சு வாங்குகிற இடத்தில் ஓர் அடி கொஞ்சம் இலேசாக விழும். அந்த மட்காட்டில் இருந்தது அவருடைய அடி. அந்த மூச்சு வாங்கிய இடம் உட்பட எல்லாம் அப்படியே இருந்தது. இந்தக் காரை வாங்குவதற்கு முன்னால் அவர் தொட்டதே கிடையாது.

கொட்டகைக்கு வெளியே வெயில் வெள்ளையாய் நின்றது. ஒரு மயில்கூடச் சத்தம் போடவில்லை. பால்சாமிக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. ஆனாலும் மனுஷ மனசு லேசில் தோற்காது. சின்ன வயதில் லீவு நாளில் வெளி வேலைக்குப் போன காலத்தில் இந்த வண்டியும் கைக்கு வந்திருக்கும், பார்த்த வண்டியெல்லாம் நினைவில் நிற்குமா என்று அவரே கேள்வி கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அன்று ராத்திரி சோறு நன்றாகவே இறங்கியது.

இறங்காமல் போனது, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரக் கூட்டை வெட்டித் திறந்த அன்றைக்கு. உள்ளே அரித்திருந்தால் மாற்ற வேண்டும் என்று திறந்தார். துருவோடு துருவாய் ஒரு சின்னத் துணி முடிச்சு உருண்டு வந்து அவர் கால் பெருவிரலில் பட்டது. எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு சிட்டிகை மண்.

மண்ணைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். துணியைத்தான் பொறுக்க முடியவில்லை. அது கத்தரிப்பூக் கலரில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்கடிச் சேலையின் கிழிசல். அந்தச் சேலையை மனைவிக்கு அவர்தான் வாங்கிக் கொடுத்தார். மகள் ரேணுகாதேவியின் இரண்டாவது பிள்ளைக்கு மொட்டை போட்டபோது. அந்தப் பிள்ளை இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறான். அப்படியானால் இந்த முடிச்சு சின்ன வயதில் போட்டது இல்லை. ரிட்டயர் ஆன பிறகு போட்டது. இந்தக் கூட்டை அவரே, இந்தக் கையாலேயே, கொஞ்ச நாளைக்கு முன்னால் மூடியிருக்கிறார். மூடியது நினைவில் இல்லை. இருட்டுக் கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி மனசுக்குள் தேடிப் பார்த்தார். ஒரு சத்தமும் திரும்பி வரவில்லை.

முடிச்சை மடியில் செருகிக்கொண்டார். மனைவியிடம் காட்டவில்லை. காட்டினால் அவள் பயப்படுவாள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டார். பயந்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் பட்டியும் பிரைமரும் வாங்கத் திருச்சுழிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அருஞ்சுனை வாய்க்கு வந்ததைத் தாராளமாகப் பேசுகிற ஆள். அன்றைக்கு இவரைக் கண்டதும் எழுந்து உள்ளே போனான். பட்டி டப்பா, பிரைமர், உப்புத்தாள் கட்டு, தின்னர் எல்லாம் ஒரு சாக்குப் பையில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. கொண்டுவந்து முன்னால் வைத்தான். பால்சாமி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"எனக்கு என்ன வேணும்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

அருஞ்சுனை தரையைப் பார்த்தான். "வண்டி வேல பாக்குறவுகளுக்கு இதானண்ணே வேணும்."

"கலரு?"

"பச்சைதான வச்சிருக்கேன்" என்றவன், நாக்கைக் கடித்துக்கொண்டு, "வேற கலருன்னாலும் இருக்குண்ணே, பாக்குறீகளா?" என்று குரலைத் தணித்துக் கேட்டான். இவ்வளவு மரியாதையாக அருஞ்சுனை யாரிடமும் பேசிப் பால்சாமி கேட்டதில்லை. துக்க வீட்டில் பேசுகிற குரல் அது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் பஸ் ஏறினார்.

இந்த நிலையில்தான் அவருக்குப் பேய் மேல் ஆசை வந்தது. ஆசைப்படக் காரணமும் கிடைத்தது. ஒருநாள் உச்சிவேளை. பட்டி காயட்டும் என்று விட்டுவிட்டு, மேய்ச்சலுக்குப் போன ஆட்டைப் பார்க்கக் கண்மாய்க்கரைப் பக்கம் போயிருந்தார். கண்மாய்க்குள் எங்கேயோ கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. காற்று இல்லை, புகை கயிறு மாதிரி நேராக மேலே போனது. அப்போது வீட்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

டொம். கொஞ்ச நேரம் விட்டு, டொம்.

தகரத்தில் சுத்தியல் விழும் சத்தம் எந்தத் தூரத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முள்ளைப் பாராமல் ஓடினார். அவர் கொட்டகைக்கு வந்தபோது யாரும் இல்லை. முந்தாநாள் உப்புத்தாள் போட்டு மழமழவென்று முடித்திருந்த மட்காட்டில், பட்டி விண்டுபோய், புதிதாக ஒரு பள்ளம். தொட்டுப் பார்த்தார். தகரம் இன்னும் இலேசாய் அதிர்ந்தது. அது ஆத்திரத்தில் அடித்த அடி இல்லை. சுத்தியல் பிடிக்கத் தெரியாத ஒன்று, அடிக்க மனசில்லாமல் அடித்த மாதிரி இருந்தது.

முருகலட்சுமி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது.

"சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்? நான் ஒண்ணும் கேக்கலையே."

அவள் கேட்கவில்லை என்று சொன்னபோது பால்சாமிக்குப் பயத்தோடு பயமாய் ஒரு சந்தோஷமும் வந்தது. பள்ளம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பள்ளத்தை அவர் அடிக்கவில்லை, கண்மாய்க்கரையில் இருந்தார். அப்படியானால் அடித்தது வேறு ஒன்று. பச்சை மேல் பச்சை அடித்தது அது. அவருடைய கையைக் கற்றுக்கொண்டு அவர் மாதிரியே அடித்துக் காட்டுவது அது. பிடிமண்ணை எடுத்துப் போட்டு விளையாடுவதும் அதுதான். எல்லாம் கூடி வந்தது. தலை தப்பித்தது.

அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கோடாங்கி பொன்னுச்சாமியை வரவழைத்தார். உடுக்கடித்துக் குறி சொல்கிற பொன்னுச்சாமி அவருக்குத் தூரத்து மச்சான் முறை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து, காரைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, முன்னால் உட்கார்ந்து உடுக்கை எடுத்தார். வெகுநேரம் அடித்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் இருந்த குழிக்குள் முகத்தை விட்டுப் பார்த்தார். டிக்கியைத் திறந்து முகர்ந்தார். கொட்டகை மூலையில் கட்டியிருந்த ஆடு அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்த்தது. உடுக்கு நின்றது.

"ஒண்ணும் இல்ல மச்சான்" என்றார் பொன்னுச்சாமி.

"நல்லாப் பாருங்க மச்சான்."

"பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

"ஒரு சின்னதாவது? ஒரு கன்னிப்பேயி, கின்னிப்பேயி?"

பொன்னுச்சாமி உடுக்கைத் துணியில் சுற்றினார். பேய் இருக்கிறது என்றால் எல்லாரும் அழுவார்கள். இல்லையென்றதும் கண் கலங்கிய ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். எழுந்தவர் பால்சாமியின் தோளைத் தொட்டு, "நேரத்துக்குச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க" என்றார். கதவோரம் நின்ற முருகலட்சுமியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அவள் முகத்திலும் நிம்மதி இல்லை.

அதற்கப்புறம் பால்சாமி பேசுவது குறைந்தது. வேலை மட்டும் கூடியது. கை தலையை நம்பவில்லை; தன்பாட்டுக்குப் போனது. கூட்டை மூடிப் பற்றவைத்தார். எஞ்சின் குழியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பேட்டரி வைக்கிற தட்டைப் புதுத் தகரத்தில் மடித்து மாட்டி, உள் சுவர் எல்லாம் பச்சை அடித்தார். வயர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, வந்த வழியிலேயே திரும்பக் கட்டினார். எந்த வயர் எங்கே போகும் என்று அவர் யோசிக்கவே இல்லை. விரல் யோசிக்காமல் போன வேகத்தைப் பார்க்க அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. பங்குனி வெயிலில் வண்டி பச்சைக் கிளி போல நின்றது. இனிமேல் கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பீடிங் ஒன்றுதான் பாக்கி.

வேலை முடியப்போகிறது என்றதும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு எழுந்தது. எங்கோ போக வேண்டும் என்று இருந்தது. எங்கே என்று தெரியவில்லை. தன்னையும் மீறி இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பினார். முருகலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பரு வாங்க அருப்புக்கோட்டைக்குப் போயிட்டு வாரேன்" என்றார்.

அவள் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் ஏதோ சொல்லி, பஸ் கிளம்புகிறவரை நின்றாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பால்சாமிக்கு ஒரு யோசனை தோன்றியது. உச்சிவேளையில்தானே அது வருகிறது? அவர் இல்லாதபோதுதானே வருகிறது? கோடாங்கிக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அடுத்த ஸ்டாப்பில், கண்டக்டர் பின்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தபோது, முன்வாசல் வழியே இறங்கி முள்ளுக்காட்டு வழியாக நடந்தார்.

ஒற்றையடிப் பாதையில் கரி மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை அவரைப் பார்த்ததும் எழுந்தாள். "எங்கிட்டுப் போறீக பெரியப்பா? வீடு அங்கிட்டு இருக்கு" என்று கையைக் காட்டினாள். அவளை அவருக்குத் தெரியாது. அவர் வீடு அவளுக்கு எப்படித் தெரியும் என்று நின்று கேட்க அவருக்கு நேரம் இல்லை. தலைக்கு மேல் வெயில் நின்றது. காலடியில் நிழல் இல்லை.

கொட்டகை கண்ணுக்குத் தெரிந்தபோது சத்தம் கேட்டது. டொம். டொம்.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில். இருக்கிறது. தலை நன்றாகத்தான் இருக்கிறது. பேய் இருக்கிறது. அடிமேல் அடி வைத்துப் போய், தகரத் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்தார்.

முருகலட்சுமி நின்றாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் அவருடைய சுத்தியல். மட்காட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். சத்தம் கேட்டதும் தன்மேல் விழுந்த மாதிரி கண்ணை இறுக மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினாள். காலடியில் ஒரு வாளி, பக்கத்தில் கல்லுப்புப் பொட்டலம். பானெட் திறந்து கிடந்தது. புதுசாய்ப் பச்சை அடித்த எஞ்சின் குழியில் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

பால்சாமி தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கோபம் வர வேண்டும், வரவில்லை.

"லட்சுமி."

அவள் திரும்பினாள். திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திடுக்கிடவில்லை. சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வெகு தூரம் நடந்து வந்தவள் மாதிரி சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்தாள்.

"எதுக்குடி?" என்றார்.

"வண்டி முடிஞ்சா நீங்க போயிருவீக. ஒவ்வொரு தடவையும் முடிஞ்ச மறுநாளே, பட்டறைக்கு நேரமாச்சு, பஸ்ஸு நிக்கிதுன்னு கெளம்பி முள்ளுக்குள்ள போயிருவீக. கரிமூட்டத்து ஆளுகதான் கூட்டியாருவாக. ஆடு மேய்க்க விட்டுப் பாத்தேன், பேரன் பேத்திகளக் கூட்டியாந்து வச்சுப் பாத்தேன். எதுவும் ஒங்கள நிறுத்தல. இந்த வண்டி ஒடஞ்சு கெடந்தா மட்டும் எங்கயும் போக மாட்டீக. அதான்."

"இது வந்து ரெண்டு மூணு மாசம்தான ஆச்சு?"

"வருசக் கணக்காச்சுங்க."

பால்சாமி காரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பச்சைக்கு அடியில் இருந்த பச்சையெல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாய் உரிந்தது.

"மதுரையில டாக்டரு பாத்தாரு. அந்த மாத்திர சத்து மாத்திர இல்ல. பெயின்ட்டுக் கடையில நாந்தான் சொல்லி வச்சிருக்கேன். கோடாங்கி அண்ணங்கிட்டயும் போயி அழுதேன். ஒரு பேயி இருக்குன்னு சொல்லிருங்க அண்ணே, அவுக நிம்மதியா இருப்பாகன்னு கேட்டேன். உடுக்கக் கையில பிடிச்சுக்கிட்டுப் பொய் சொல்ல மாட்டேன்னுட்டாக."

வெளியே ஆடு ஒரு தடவை கத்தியது. இவ்வளவையும் அவள் இவ்வளவு ஒழுங்காக, தடங்கல் இல்லாமல், எப்படிச் சொல்கிறாள் என்று பால்சாமிக்குத் தோன்றியது.

"லட்சுமி, இத எங்கிட்ட இதுக்கு முன்னாடி சொல்லியிருக்கியா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"நான் இப்பிடி வந்து பாத்திருக்கேனா?"

"ஒவ்வொரு தடவையும் பாத்திருவீக. ஒங்களுக்கு மறைச்சு இந்த வண்டியில ஒண்ணு செய்ய முடியுமா?"

"பாத்துட்டு என்ன செய்வேன்?"

"மொதல்ல கத்துவீக. அப்பறம் அய்யாவ நெனச்சு அழுவீக. அப்பறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, எங்க அடிச்சா வேல ரொம்ப நாளு இழுக்கும்னு தொட்டுக் காமிப்பீக." அவள் எழுந்து, ஹெட்லைட்டுக்கு மேலே தகரம் வளைந்து மடியும் இடத்தில் விரலை வைத்தாள். "இங்கன."

பால்சாமி பார்த்தார். சரியான இடம். மடிப்பில் விழுந்த அடியை எடுப்பது போல எரிச்சல் பிடித்த வேலை வேறு இல்லை. அவரைக் கேட்டிருந்தால் அவரும் அந்த இடத்தைத்தான் சொல்லியிருப்பார். அவரைத்தான் கேட்டிருக்கிறாள். அவர்தான் சொல்லியிருக்கிறார். அவருடைய குரலும் அவருடைய விரலும் உள்ள ஒரு ஆள் இதே இடத்தில் நின்று, இதே முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறான். ஒருவன் இல்லை, பலர். அவர்களில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியாது. எந்தப் பேயிடமும் அவர் இப்படிப் பயந்திருக்க மாட்டார்.

"அதுல ஒண்ணுதான் கஷ்டம்" என்றாள் முருகலட்சுமி. "முன்னயெல்லாம் வேல முடிய வருசம் ஆகும். இப்ப வெரசா முடிச்சிர்றீக. கை பழகிப் போச்சு. போன தடவ நான் அசந்த நேரம் போயிட்டீக. பொழுது சாயுறப்பதான் கெடச்சீக. காலு பூராம் முள்ளு."

பால்சாமி தன் பாதத்தைப் பார்த்தார். ஒரு பாதத்தைத் தூக்கித் தொடையில் வைத்து, உள்ளங்காலைத் தடவினார். மேடும் பள்ளமுமாய்ப் பழைய தழும்புகள் இருந்தன. உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொன்னதையெல்லாம் அப்போதுதான் அவர் முழுசாக நம்பினார்.

அவர் கத்தவில்லை. அழவும் இல்லை. முகம் மட்டும், பணிமனையில் சப்பிப்போன பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும்போது இருக்கிற மாதிரி ஆனது.

"கூரையில என்னைக்காச்சும் அடிச்சிருக்கியா?"

"இல்ல. எங்க வேணாலும் அடி, கூரைய மட்டும் தொட்டுறாதன்னு நீங்கதான் சொல்லுவீக. ஒவ்வொரு தடவையும் சத்தியம் வாங்குவீக."

"ஏன்னு சொன்னேனா?"

"சொன்னதில்ல."

பால்சாமி காரின் கூரை மேல் உள்ளங்கையை வைத்தார். வண்டியிலேயே அகலமான தகரம் அது. கம்பெனியில் இருந்து வந்த நாள் முதல் ஒரு சுத்தியலும் பார்க்காத இடம். வெயிலில் கொதித்தது, கையை எடுக்கவில்லை.

"இவ்வளவு அகலத் தகரத்துல நடுவுல அடி விழுந்தா, தகரம் இழுத்துக்கிரும் லட்சுமி. இழுத்த தகரம் பழைய எடத்துக்குள்ள அடங்காது. ஒரு பக்கம் அமுக்குனா மறுபக்கம் எந்திரிக்கும். சூடு வச்சுச் சுருக்கலாம், அடுத்த வெயிலுக்கு மறுபடி எந்திரிக்கும். எந்தக் கொம்பன் வந்தாலும் அத முடிக்க முடியாது. நான் வந்தாலும் முடியாது. அதான் சொல்லாம வச்சிருந்திருப்பேன். ஒரு டிங்கரு வாயில இருந்து அது வராது."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. "வேணாங்க" என்றாள்.

அவர் குனிந்து சுத்தியலை எடுத்தார். உருண்டை முனை முன்னால் வரும்படி திருப்பிப் பிடித்தார். அவள் கையை விரித்துப் பார்த்தார்; உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். எத்தனை தடவை அந்தக் கை இந்தச் சுத்தியலைத் தூக்கியிருக்கும் என்று நினைத்தபோதுதான் அவருக்குக் கண் நிறைந்தது.

"நான் மறந்துருவேன். நீ மறந்துறாத" என்றார். "இனிமே நீ இதத் தூக்க வேணாம்."

கூரையின் நடுவில் ஓங்கி அடித்தார். வலமிருந்து இடமாக, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி, தன் கையால் தன் வாழ்நாளில் செய்யத் துணியாத வேலையைச் செய்தார். ஒவ்வோர் அடியும் அவர் நெஞ்சுக்குள் விழுந்தது. தகரம் முதலில் கதறியது. அப்புறம் குரல் மாறி, உளுத்த சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வருகிறவரை அடித்துவிட்டு நிறுத்தினார். கையால் அமுக்கினார். டொப் என்று உள்ளே போனது. கையை எடுத்தார். டொப் என்று எழுந்தது.

முருகலட்சுமி அருகில் வந்து நின்றாள். "இது எப்பங்க முடியும்?"

"முடியாது" என்றார் பால்சாமி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. "எங்கயும் போக மாட்டேன்."

அவள் முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு, அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகையைச் சத்தம் போட்டு அழுதாள்.